கூலன்ட் நாறுகிறது, டேப் உடைகிறது, டை கீறுகிறது: அறிகுறியைப் பார்த்து ஆயிலைச் சரிசெய்வது

மெஷின் ஷாப்பில் எது கெட்டாலும் முதல் பழி ஆயில் மேல்தான், அதாவது தண்ணீரில் கலந்து ஊற்றும் கூலன்ட், கட்டிங் ஆயில், ட்ராயிங் ஆயில் மேல்தான் விழுகிறது. சப்ளையர் வேறு கிரேடில் ஒரு பேரல் இறக்குவார். பத்து நாள் நன்றாக ஓடும். பிறகு அதே நாற்றம், அதே துரு. அந்தப் பத்து நாளும் நன்றாக ஓடியதற்குப் பெரும்பாலும் புது பிராண்ட் காரணமில்லை. டேங்கைக் கழுவி, சரியான அளவில் புதிதாகக் கலந்ததுதான் காரணம். ஆகவே கீழே வரும் எந்த அறிகுறிக்கும் இந்த வரிசையில் போங்கள்: கலவை அளவு, தண்ணீர், ஆயில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேருகிறதா. மூன்றும் சரியாக இருந்தும் வேலை கெட்டால் அப்போது கிரேடை மாற்றலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

ரிஃப்ராக்டோமீட்டர் (கலவை அளவு பார்க்கும் கருவி), பி.எச். ஸ்ட்ரிப் (அமில, காரத் தன்மை பார்க்க), தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் ஸ்ட்ரிப், மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாட்டில். இவை இல்லாமல் கூலன்டைப் பற்றிப் பேசுவது வீண்.

ரிஃப்ராக்டோமீட்டரை நீங்கள் கலக்கும் அதே தண்ணீரால் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். சாம்பிளை மிதக்கும் ஆயிலுக்குக் கீழிருந்து எடுங்கள். கண்ணில் தெரியும் பிரிக்ஸ் எண் சதவீதம் அல்ல. ஆயிலின் டேட்டா ஷீட்டில் உள்ள பெருக்கு எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். பால்வெள்ளையான சாதாரண சொல்யூபிள் ஆயிலுக்கு அது ஏறக்குறைய 1 இருக்கும். செமி சிந்தெடிக்குக்குக் கூடுதல், முழு சிந்தெடிக்குக்கு இன்னும் கூடுதல். பெருக்கு எண் 1.5 உள்ள கூலன்டில் 4 என்று காட்டினால் உண்மை அளவு 6%. இதை 4% என்று படித்துவிட்டு மேலும் ஆயில் ஊற்றுவதால்தான் பல இடங்களில் கை அரிப்பும் பிசுபிசுப்பும் வருகின்றன. கோடு மங்கலாகத் தெரிந்தால் கூலன்டில் மெஷினின் சறுக்குப் பாதைக்கு விடும் ஸ்லைடுவே ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ கலந்திருக்கிறது.

பொதுவான லேத், மில்லிங் வேலைக்கு 5 முதல் 8%, கிரைண்டிங்குக்கு 3 முதல் 4%, டேப்பிங் (ஓட்டைக்குள் மரை வெட்டுவது), ரீமிங் (ஓட்டையைத் துல்லியமாக்குவது), எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலைக்கு 8 முதல் 10%. பி.எச். 8.8 முதல் 9.4க்குள் இருக்கட்டும்; அலுமினிய வேலையில் 9.3 தாண்ட வேண்டாம்.

அளவை ஏற்றும் கணக்கு இப்படி. 200 லிட்டர் டேங்கில் இப்போது 170 லிட்டர் இருக்கிறது, அளவு 4%. நமக்கு வேண்டியது 7%. முழு டேங்குக்குத் தேவையான ஆயில் 14 லிட்டர், உள்ளே இருப்பது 6.8 லிட்டர். மீதி 7.2 லிட்டரை 22.8 லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றினால் மட்டமும் ஏறும், அளவும் ஏறும். ஆயிலை நேராக டேங்கில் கொட்டக் கூடாது. வாளியில் முதலில் தண்ணீர், அதன்மேல் கலக்கிக்கொண்டே ஆயில். மாற்றிச் செய்தால் தண்ணீர் ஆயிலுக்குள் துளியாகப் போய்க் கெட்டியாகிவிடும். அதை எவ்வளவு கலக்கினாலும் நல்ல பால் திரும்பாது.

தினசரி டாப் அப்புக்கு வெறும் தண்ணீரும் தவறு, 7% கலவையும் தவறு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். சிப்ஸோடும் (வெட்டிய சீவல்) ஜாபோடும் (வெட்டப்படும் பொருள்) ஒட்டிப் போவதில் ஆயிலும் உண்டு. இரண்டையும் ஈடுகட்ட 1 முதல் 3% கலவை போதும். எது சரி என்பதை உங்கள் மெஷினில் இரண்டு வாரம் ரீடிங் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை அழுகிய முட்டை நாற்றம்

ஞாயிறு முழுக்க மெஷின் நின்றிருக்கும். மேலே மிதக்கும் ஸ்லைடுவே ஆயில் ஒரு மூடிபோலக் காற்றை அடைத்துவிடும். பிராணவாயு தீர்ந்ததும், அது தேவைப்படாத கிருமிகள் கூலன்டிலுள்ள சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகின்றன. பம்ப் ஓடத் தொடங்கியதும் அது மொத்தமாக வெளியே வருகிறது. பத்து மணிக்கு நாற்றம் குறைவதால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். உள்ளே கூலன்ட் செத்துக்கொண்டிருக்கும்.

பி.எச். பாருங்கள். 8.5க்குக் கீழே இறங்கியிருந்தால் கிருமி பெருகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அளவு 4%க்குக் கீழே இருந்தால் காரணமும் தெரிந்துவிட்டது: நீர்த்த கூலன்டில் கிருமியைத் தடுக்கும் சேர்மமும் நீர்த்துத்தான் இருக்கும்.

பி.எச். 8.5க்கு மேலே இருந்து நாற்றம் லேசாக இருந்தால் காப்பாற்றலாம். மிதக்கும் ஆயிலை ஸ்கிம்மரால் எடுங்கள். ஸ்கிம்மர் இல்லாவிட்டால் மெஷின் நின்ற நேரத்தில் ஈரம் உறிஞ்சும் வகை வேக்யூம் கிளீனரால் மேல்மட்டத்தை உறிஞ்சலாம். அளவை மேல் எல்லைக்கு ஏற்றுங்கள். வார இறுதியில் மீன்தொட்டிக்குப் போடும் சிறிய காற்றுப் பம்பை டேங்குக்குள் விட்டு வைப்பது மலிவான, நன்றாக வேலை செய்யும் வழி. பயோசைடை (கிருமிநாசினி) எடுத்த எடுப்பில் ஊற்றாதீர்கள். அளவு கூடினால் ஆபரேட்டர் கையில்தான் அதன் விளைவு தெரியும்.

பி.எச். 8க்கு அருகில் வந்துவிட்டால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை. அதிலும் அவசரம் கூடாது. பழைய கூலன்டை வடித்துவிட்டுப் புதிதை ஊற்றுவது மாற்றமே அல்ல. குழாயிலும் மூலையிலும் நிற்கும் பத்து லிட்டர் பழசு, புதுசை உறை ஊற்றியதுபோலக் கெடுத்துவிடும். செய்ய வேண்டியது:

1. கடைசி ஷிஃப்டில், பழைய கூலன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டம் கிளீனரை 1 முதல் 2% ஊற்றி, குறைந்தது 8 மணி நேரம் சுற்ற விடுங்கள். கேனில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி.
2. முழுக்க வடியுங்கள். டேங்கின் அடி, கன்வேயருக்குக் கீழ், வே கவருக்குப் (சறுக்குப் பாதை மூடி) பின்னால் தேங்கிய சிப்ஸையும் சேற்றையும் கையால் வாரி எடுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் மற்ற எல்லாம் வீண்.
3. வெறும் தண்ணீரில் அலசினால் பெட் துருப்பிடிக்கும். 1% கூலன்டால் அரை மணி நேரம் சுற்றி வடித்துவிடுங்கள்.
4. தண்ணீர் முதலில், ஆயில் பிறகு என்று கலந்து நிரப்புங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பின் அளந்து எழுதுங்கள்.

ஸ்லைடுவே ஆயில் அதிகமாக விழுந்தால் கூலன்ட் எதுவானாலும் நிற்காது. லூப்ரிகேஷன் யூனிட்டில் இடைவெளி நேரமும் அளவும் மெஷின் மேனுவலில் உள்ளபடி இருக்கின்றனவா, ஹைட்ராலிக் சக் சீல் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

மேலே படலம் கட்டுகிறது

பாட்டிலில் ஒரு சாம்பிள் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். மேலே மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஊடுருவித் தெரியும் ஆயில் நின்றால் அது வெளியிலிருந்து வந்த ஆயில், ஸ்கிம்மர் வேலை. வெள்ளையான ஏடு நின்றால் கூலன்டே பிரிகிறது.

பிரிவதற்குப் பெரிய காரணம் தண்ணீர். கோவை வட்டாரத்தின் பல போர்வெல்களில் வரும் கடின நீர் சொல்யூபிள் ஆயிலுக்கு எமன். கால்சியமும் மெக்னீசியமும் ஆயிலைத் துளியாகப் பிடித்து வைத்திருக்கும் சோப்பைக் கரையாத பிசினாக மாற்றிவிடும். கடினத்தன்மை 300 பி.பி.எம். (லிட்டருக்கு 300 மில்லிகிராம்) தாண்டினால் கவனம் வேண்டும்; 100 முதல் 200 வரை நல்லது.

முதல் நாள் நன்றாக இருந்து ஒரு மாதத்தில் பிரிவது ஏன்? தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 200 லிட்டர் டேங்கில் தினம் 15 லிட்டர் ஆவியாகி, அதை 400 பி.பி.எம். தண்ணீரால் ஈடுகட்டினால் ஒரு நாளைக்கு 6 கிராம் உப்பு சேரும். டேங்கின் கடினத்தன்மை 30 பி.பி.எம். ஏறும். ஜாபோடு வெளியேறுவதைக் கழித்தாலும் இருபது, இருபத்தைந்து வேலை நாளில் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நிரப்பலுக்கு போர் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் கலந்து 150 அளவில் வைத்துக்கொண்டு, டாப் அப் கலவைக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் பயன்படுத்துவதே சரியான ஏற்பாடு. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைக் கூலன்டுக்கு ஊற்றும் சிக்கனம் சில இடங்களில் நடக்கிறது. அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம்.

நுரை பொங்கி வழிகிறது

முழுக்க ஆர்.ஓ. தண்ணீரில் கலந்திருந்தால் இதுதான் முதல் சந்தேகம். கடினத்தன்மை 50 பி.பி.எம்.க்குக் கீழே போனால் பல கூலன்டுகள் நுரைக்கும். போர் தண்ணீர் கொஞ்சம் சேர்த்து ஏற்றுங்கள், அல்லது கால்சியம் அசிடேட் போடுங்கள்.

தண்ணீர் சரியாக இருந்தால் டேங்க் மட்டம் பாருங்கள். மட்டம் இறங்கி பம்ப் காற்றை இழுத்தால் எந்த ஆயிலும் நுரைக்கும். திரும்பி வரும் கூலன்ட் உயரத்திலிருந்து கொட்டினால் குழாயை மட்டத்துக்குக் கீழே நீட்டிவிடுங்கள். கிளீனர் சரியாக அலசப்படாமல் தங்கியிருந்தாலும் நுரைக்கும். 20 பார், 70 பார் பம்ப் வைத்த மெஷினுக்குக் குறைநுரை கிரேடையே வாங்க வேண்டும். ஆன்டிஃபோம் (நுரை அடக்கி) முதலுதவி மட்டுமே. சிலிகான் வகை என்றால், பிறகு பெயின்ட் அடிக்கும் ஜாபில் பெயின்ட் ஒட்டாமல் குழி விழும்.

ஜாப் துருப்பிடிக்கிறது

எங்கே, எப்போது என்பதில்தான் பதில் இருக்கிறது. மெஷினிலேயே துரு என்றால் கூலன்ட். ஒரு ஜாப்மேல் இன்னொன்று அடுக்கியதில், தொட்ட இடத்தில் மட்டும் கறை என்றால் ஈரம் வடியாமல் அடுக்கியது காரணம். கைரேகை வடிவில் துரு என்றால் வியர்வை. இந்தக் கடைசி இரண்டுக்கும் தண்ணீரை விலக்கித் துருவைத் தடுக்கும் டிவாட்டரிங் ரஸ்ட் பிரிவென்டிவில் முக்கி எடுப்பதுதான் வழி; கூலன்ட் அளவை ஏற்றிப் பயனில்லை.

கூலன்ட்தானா என்று உறுதி செய்ய சி.ஐ. சிப்ஸ் சோதனை போதும். உலர்ந்த, எண்ணெய்ப் பசை இல்லாத வார்ப்பிரும்பு சிப்ஸ் 2 கிராமை ஃபில்டர் தாளில் பரப்பி, கூலன்ட் 2 மி.லி. விட்டு, மூடி, 2 மணி நேரம் கழித்துச் சிப்ஸைத் தட்டிவிட்டுத் தாளைப் பாருங்கள். 3, 4, 5, 6% என நான்கு கலவையில் ஒரே நேரத்தில் செய்தால் எந்த அளவில் கறை நிற்கிறது என்பது தெரியும். அதற்கு ஒரு சதவீதம் மேலே வைத்து ஓட்டுங்கள். 6%லும் கறை விழுந்தால் தண்ணீரில் குளோரைடு பாருங்கள். 100 பி.பி.எம்.க்கு மேல் குளோரைடு இருந்தால் எந்த ஆயிலாலும் முழுக்கக் காக்க முடியாது.

பித்தளையில் கறை, அலுமினியத்தில் கறுப்பு

கூலன்ட் பச்சையாகவோ நீலமாகவோ மாறினால், அதிலுள்ள அமீன் என்னும் காரச் சேர்மம் பித்தளையிலிருந்து தாமிரத்தைக் கரைக்கிறது. தாமிர உலோகங்களுக்கான தடுப்புச் சேர்மம் உள்ள கிரேடு வேண்டும். தண்ணீர் கலக்காத நீட் கட்டிங் ஆயிலில் பித்தளை கறுத்தால் ஆக்டிவ் சல்பர் உள்ள ஆயிலைப் போட்டிருக்கிறீர்கள். அது எஃகுக்கு நல்லது, பித்தளைக்கு ஆகாது. அலுமினியம் கறுத்தால் பி.எச். 9.3 தாண்டியிருக்கும், அல்லது ஈரச் சிப்ஸ் ஜாப்மேல் இரவு முழுக்கக் கிடந்திருக்கும்.

டூல் போகிறது

எஸ்.எஸ். 304ல் எம்8 (8 மி.மீ. மரை) டேப் உடைகிறது என்றால் ஆயிலுக்கு முன் ஓட்டையைப் பாருங்கள். புத்தகம் சொல்வது 6.8 மி.மீ. டிரில். எஸ்.எஸ்.ஸில் 6.9 போட்டால் திரெட் பலம் பெரிதாகக் குறையாது, டார்க் (திருகும் விசை) நன்றாகக் குறையும். தேய்ந்த டிரில்லால் போட்ட ஓட்டையின் சுவர் இறுகிக் கிடக்கும். அதில் டேப் போடுவது இறுகிய உலோகத்தை வெட்டுவது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டேப்புக்கு நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகம் வையுங்கள். எம்8க்கு அது 200 ஆர்.பி.எம். இத்தனைக்குப் பிறகும் உடைந்தால்தான் லூப்ரிகன்ட். டேப்பிங்கில் வேகம் குறைவு, அழுத்தம் அதிகம். இங்கே குளிர்விப்பதைவிட வழுக்குவது முக்கியம். 5% கூலன்ட் போதாது. 10%க்கு ஏற்றுங்கள், அல்லது சல்பர், கொழுப்பு எஸ்டர் சேர்ந்த டேப்பிங் ஆயிலைப் பிரஷால் தடவுங்கள். வெட்டாமல் அழுத்தித் திரெட் உருவாக்கும் ஃபார்ம் டேப்புக்கு எம்8ல் ஓட்டையே 7.4 வேண்டும், ஆயில் இல்லாமல் அது ஒரு ஓட்டையும் தாங்காது.

மில்லிங்கில் கார்பைட் இன்சர்ட்டின் (மாற்றிப் போடும் வெட்டுத் துண்டு) முனையில், விளிம்புக்குக் குறுக்கே சீப்புப் பல் மாதிரிக் கீறல் வரிசை தெரிந்தால் அது வெப்ப அதிர்ச்சி. ஒவ்வொரு சுற்றிலும் பல் வெட்டும்போது சூடாகி, வெளியே வந்ததும் கூலன்டில் குளிர்கிறது. இங்கே கூலன்டை நிறுத்துவதே மருந்து. எஃகில் கோட்டிங் உள்ள இன்சர்ட்டை உலர்வாக, காற்று அடித்து ஓட்டுங்கள்.

அலுமினியத்தில் டூல் முனையில் உலோகம் ஒட்டிக்கொண்டால் 8 முதல் 10% வைத்து வேகத்தை ஏற்றுங்கள்.

கிரைண்டிங்கில் கருகல் வந்தால் எல்லாரும் அளவைத்தான் ஏற்றுகிறார்கள். தவறு பெரும்பாலும் நாசிலில். வீல் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சுற்றும்போது தன்னோடு ஒரு காற்றுப் போர்வையை இழுத்து வருகிறது. மெதுவாக வழியும் கூலன்ட் அதைத் துளைக்காது. பக்கத்தில் தெறித்துப் போகும். பார்ப்பவருக்கு நனைவதாகத் தெரியும். கூலன்டும் நொடிக்கு 30 மீட்டரில் வர வேண்டுமானால் நாசிலில் சுமார் 4.5 பார் தேவை. சாதாரண சர்ஃபேஸ் கிரைண்டரில் அது கிடைக்காது. ஆகவே நாசிலுக்கு முன்னால் வீலை ஒட்டி ஒரு தகட்டை நிறுத்திக் காற்றை வெட்டுங்கள். நாசில் வாயைச் சப்பையாக்கி வெட்டும் இடத்துக்கு அருகில் கொண்டுபோங்கள். வீலை டிரஸ் செய்யாமல் (முகத்தைச் சீவிக் கூராக்காமல்) ஓட்டிவிட்டு ஆயிலைக் குறை சொல்லவும் கூடாது.

டீப் ட்ராவில் கீறலும் கிழிசலும்

0.8 மி.மீ. எஸ்.எஸ். 304 தகட்டைப் பஞ்சால் டைக்குள் (அச்சு) அழுத்திப் பாத்திரமாக இழுக்கும்போது பக்கச் சுவரில் நெட்டுவாக்கில் கீறல் வந்தால், எஸ்.எஸ்.ஸின் மேல் ஆக்சைடு உரிந்து வெற்று உலோகம் டையில் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய துணுக்கு அடுத்த பிளாங்கைக் (வெட்டிய தகடு) கீறும், அது இன்னும் வளரும். முதல் கீறலிலேயே பிரஸ்ஸை நிறுத்தி டை ரேடியஸை (டை வாயின் வளைவு) உலோகம் ஓடும் திசையிலேயே பாலிஷ் செய்யுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கோடும் அடுத்த துணுக்குக்கு இருப்பிடம்.

ஆயிலில் இரண்டு வேண்டும்: அழுத்தத்தில் பிழிந்து வெளியேறாத கெட்டி, பிழிந்தாலும் ஒட்டவிடாத இ.பி. (எக்ஸ்ட்ரீம் பிரஷர்) சேர்மம். 40 டிகிரியில் 200 சி.எஸ்.டி.க்கு (பாகுத்தன்மை அலகு) மேல் கெட்டியான ட்ராயிங் ஆயில் தேவை. காலையில் நன்றாக வந்து மதியம் கீறல் தொடங்கினால் கெட்டி போதவில்லை. டை சூடேறியதும் ஆயில் நீர்த்துவிட்டது. ஒரு கிரேடு கெட்டியாகப் போங்கள், அல்லது டையைக் குளிர்வியுங்கள். எச்.சி.எச்.சி.ஆர். (ஹை கார்பன் ஹை குரோமியம் ஸ்டீல்) டையில் எதுவும் நிற்கவில்லையென்றால் அலுமினியம் பிரான்ஸ் டையோ, கோட்டிங்கோ போட வேண்டும். பாலிஷ் முகம் வேண்டிய பாத்திரத்துக்கு டை பக்கம் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டிய தகடு ஆயிலைவிடச் சுத்தமான வேலை.

அடிப்பக்கம், பஞ்ச் மூக்கு ரேடியஸில் கிழிந்தால் கதை வேறு. ஆயிலை இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசியிருக்கிறீர்களா? டை பக்கமும், தகட்டின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டர் பக்கமும் வழுக்க வேண்டும், பஞ்ச் மூக்கில் வழுக்கக் கூடாது. அங்கே உராய்வுதான் தகட்டைப் பிடித்துப் பாரத்தைப் பங்கு போடுகிறது. பிளாங்கின் நடுவை உலர்வாக விட்டு, வெளி வளையத்துக்கு மட்டும் ரோலரால் தடவிப் பாருங்கள். அப்படியும் கிழிந்தால் பிளாங்க் ஹோல்டர் அழுத்தத்தைக் குறையுங்கள். டை ரேடியஸ் தகட்டின் 5 மடங்குக்குக் குறையாமல், அதாவது 4 மி.மீ. இருக்கிறதா பாருங்கள், கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி) ஒரு பக்கம் 0.95 மி.மீ. வேண்டும். பிளாங்க் விட்டம், பஞ்ச் விட்டத்தைப் போல 1.8 மடங்குக்கு மேல் போனால் ஒரே இழுப்பில் எதிர்பார்ப்பதே பேராசை.

விளிம்பில் சுருக்கம் விழுந்தால் ஹோல்டர் அழுத்தம் போதாது. விளிம்பு நான்கு காதாக மேடு பள்ளமாக வந்தால் தகட்டின் ரோலிங் குணம். 200 சீரிஸ் எஸ்.எஸ்.ஸில் இழுத்த பாத்திரம் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்துத் தானாக மேலிருந்து கீழாக வெடித்தால் உள்ளே தங்கிய தகைவு. இடையில் அனீல் செய்ய (சூடாக்கி இறுக்கம் நீக்க) வேண்டும். இந்த மூன்றுக்கும் ஆயில் பொறுப்பல்ல.

குளோரினேட்டட் பாரஃபின் கலந்த ஆயில் எஸ்.எஸ். இழுக்க மிக நன்றாக உழைக்கும். ஆனால் அதை அன்றே, 60 முதல் 70 டிகிரி ஆல்கலைன் கரைசலில் கழுவ வேண்டும். கழுவாமல் அனீல் செய்தாலோ வெல்டு வைத்தாலோ ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை எழும், பாத்திரத்தில் ஊசிக்குழி விழும். அதன் குறுஞ்சங்கிலி வகை 2017ல் நீங்கா நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தது. ஏற்றுமதி வேலை என்றால் சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சல்பர், எஸ்டர் வகைக்கு மாறுங்கள்.

ஃபோர்ஜிங்கில்

கோல்டு ஃபோர்ஜிங்கில் (சூடாக்காமல் அடித்து உருவாக்குவது) பாஸ்பேட், சோப்புப் பூச்சு உரிந்து டை கீறினால் சோப்பை விட்டுவிட்டு பாஸ்பேட்டைப் பாருங்கள். சோடியம் ஸ்டியரேட் சோப்பு துத்தநாக பாஸ்பேட்டோடு வினைபுரிந்தால்தான் பிடிக்கும். துருவும் செதிலும் நீக்கும் பிக்கிளிங் அமிலம் அலசாமல் சோப்புத் தொட்டிக்கு வந்தால் சோப்புத் திரியும். எஸ்.எஸ்.ஸில் பாஸ்பேட் பிடிக்காது. அதற்கு ஆக்சலேட் பூச்சு.

ஹாட் ஃபோர்ஜிங்கில் கிராஃபைட் ஸ்பிரே டையில் ஒட்டாமல் உருண்டோடினால் டை மிகவும் சூடு. ஆவிப் படலம் துளியைத் தூக்கி எறிகிறது. கிராஃபைட்டைக் கெட்டியாக்காதீர்கள், சிறு துளியாக, கூடுதல் நேரம் அடியுங்கள். டை குளிர்ந்திருந்தால் தண்ணீர் குழியில் தேங்கி மூலை நிரம்பாது. 150 முதல் 250 டிகிரிக்குச் சூடேற்றிவிட்டே முதல் அடி.

கிரேடையே மாற்ற வேண்டிய இடங்கள்

மெக்னீசியம் சிப்ஸ் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், தீப்பிடிக்கும். சாதாரண கூலன்ட் கூடவே கூடாது. டைட்டானியத்தில் குளோரின் சேர்மம் தவிர்க்க வேண்டும். கார்பைட் டூல் கிரைண்டிங்கில் கோபால்ட் கரையாத கிரேடு வேண்டும். கரைந்தால் டூல் முனையும் பலவீனம், தொடுபவர் தோலுக்கும் கேடு.

கை அரிப்பு மட்டும் வந்தால் கிரேடை மாற்றுமுன் அளவு 10% தாண்டியிருக்கிறதா, பி.எச். 9.5 தாண்டியிருக்கிறதா, ஆபரேட்டர் மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கை கழுவுகிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான்.

வடித்த ஆயிலையும் கூலன்டையும் சாக்கடையில் விடாதீர்கள். பயன்படுத்திய ஆயிலும் ஆயில் கலந்த கழிவும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் வருகின்றன. மூடிய பேரலில் பெயரும் தேதியும் எழுதி வைத்து, அனுமதி பெற்றவரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நீட் ஆயிலையும் கூலன்டையும் ஒரே பேரலில் கலக்காமல் வைத்தால் நீட் ஆயிலுக்காவது விலை கிடைக்கும்.